கரோலா தைத்த பன்னிரண்டு மீட்டர்

கரோலா வெண்டிஷ் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் திருட்டுக்குத் துணை போனாள். திருடு போனதும் அவளே தைத்த துணி. அதனால் அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஃபால்க்கோ என்ற ரவுடி ஊரைவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது சொன்னால் யாருக்கும் பாதகமில்லை.

சாக்சனியில் ஹோல்டன்பாக் என்ற சுரங்க ஊர்க்காரி அவள். பதினாறு வயதில் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் சேர்ந்தாள். பழைய அரசாங்கம் இருந்தவரை ராணுவத்துக்குக் கூடாரம் தைத்தாள். கிழக்கும் மேற்குமாகப் பிரிந்திருந்த நாடு ஒன்றான பிறகு லாரிகளுக்கு மேல்மூடி தைத்தாள். மேலே யார் வந்து உட்கார்ந்தாலும் கீழே இவள் அதே மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தையல் ஒரு நூல் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். அரைகுறை வேலையைக் கையைவிட்டு அனுப்பமாட்டாள். அந்தக் குணத்தால் ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டாள். அது கடைசியில் வரும்.

அவள் புருஷன் லோதார். பீர்ப் பெட்டிகளைக் கடை கடையாக இறக்குகிற வேன் டிரைவர். இவர்கள் காதல் கால்பந்து மைதானத்து கேலரியில் தொடங்கியது. கொட்டுகிற மழையில் ஒருவன் நனைந்துகொண்டே டிரம் அடித்துக்கொண்டிருந்தான். டிரம் நனைந்துபோகுமே என்று கரோலா தன் மழைக்கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டாள். டிரம்முக்குத்தான் போட்டேன், உனக்கில்லை என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

சுரங்கத்தை மூடிய வருடம் ஊரில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. அணியும் நான்காம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. வேறு பிடிமானம் இல்லாத பன்னிரண்டு பேர் சேர்ந்து ‘சுத்தியல் கூட்டம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஒரு மீட்டர் என்று பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்குக் கரோலா பதாகை தைத்தாள். நீலத்துணியில் வெள்ளை எழுத்தில் ஊர்ப்பெயர், ஓரத்தில் குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல். அந்தச் சுத்தியல்களை அவள் அப்பாவின் பழைய சுரங்கச் சட்டையை வெட்டித் தைத்தாள். கறுப்புத் துணி அவ்வளவு நயமாக வேறெங்கும் கிடைக்கவில்லை என்றுதான் காரணம் சொன்னாள்.

அந்தக் கேலரிக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கேயும் எழுதி வைத்தது கிடையாது, ஆனால் நாடு முழுக்கச் செல்லும். பதாகைதான் கூட்டம். அது எதிரிக் கூட்டத்தின் கைக்குப் போய், அவர்கள் அதைத் தங்கள் கேலரியில் தலைகீழாகத் தொங்கவிட்டால், பறிகொடுத்த கூட்டம் அன்றைக்கே கலைந்துவிட வேண்டும். மறுபடி அந்தப் பெயரை எவனும் வாயில் எடுக்கக் கூடாது. அதனால்தான் பதாகையை எப்போதும் இரண்டு ஆள் சேர்ந்து தூக்குவார்கள். தனியாக ஒருவன் கையில் அது போகக் கூடாது.

ஃபால்க்கோவும் அவனுடைய ஜிம் ஆட்களும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள். முதலில் கேலரி ஓரமாக நின்று கத்தினார்கள். சத்தம் கூடுகிறது, நல்லதுதானே என்று பழையவர்கள் சந்தோஷப்பட்டார்கள். புத்தி கெட்ட சந்தோஷம். இரண்டு வருடத்தில் பாட்டு மாறியது, சட்டை மாறியது, கை உயர்த்துகிற விதம் மாறியது. சொந்த அணியிலேயே ஒரு கறுப்பின ஆட்டக்காரன் பந்தைத் தொட்டபோது குரங்குச் சத்தம் போட்டார்கள். லோதார் டிரம்மை நிறுத்தினான். ஃபால்க்கோ வந்து அவன் தோளில் கை வைத்தான்.

“என்ன தாத்தா, கை வலிக்குதா? வேற ஆளை வைக்கட்டுமா?”

லோதார் மறுபடி அடித்தான். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. நான் இதை மறைக்க விரும்பவில்லை. அவன் கோழையாகத்தான் இருந்தான். ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு பேரில் ஒருவனான யென்ஸ், சைக்கிள் கடைக்காரன், அதற்கு முந்தின வருடம் கூட்டத்தைவிட்டு விலகினான். ஒரே வாரத்தில் கடைக் கண்ணாடி போயிற்று, அடுத்த வாரம் முழங்கால் போயிற்று. முகமூடி போட்ட மூன்று பேர். யாரென்று எல்லோருக்கும் தெரியும், சாட்சி சொல்லத்தான் ஆள் இல்லை.

2016 மே மாதம் ஒரு திங்கட்கிழமை. வரும் சனிக்கிழமை பக்கத்து ஊரான வைடெனாவ் அணியோடு ஆட்டம். ஜென்மப் பகை. லோதார் சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னய்யா, உப்பு கூடிப்போச்சா?” என்றாள் கரோலா.

“மேட்ச் முடிஞ்சு பொழுது சாஞ்சதும் ஃபால்க்கோவுக்கு வேன் வேணுமாம். டேங்க் ரொப்பி வைக்கணுமாம்.”

“எங்க போக?”

“பழைய பள்ளிக்கூடத்துக்கு.”

சிரியாவிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களை நகராட்சி அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் குடிவைத்திருந்தது. பட்டறையில் கரோலாவுக்கு அடுத்த மெஷினில் உட்காரும் ஹனான் அங்கே இரண்டாவது மாடியில் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தாள்.

“எதுக்குப் போறாங்க?”

லோதார் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் தள்ளினான். பிறகு, “பெட்ரோல் பாட்டில் எடுத்துக்கிட்டு வருவாங்களாம்,” என்றான். “நான் வண்டியை மட்டும் ஓட்டினாப் போதுமாம்.”

“நீ என்ன சொன்ன?”

“என்ன சொல்லச் சொல்ற? யென்ஸ் காலைப் பார்த்தேல்ல?”

கரோலா கிண்ணத்தை எடுத்துப் போய்க் கழுவினாள். முப்பது வருடம் கூடப் படுத்தவன், சனிக்கிழமை அந்த ஸ்டியரிங்கைப் பிடிப்பானா மாட்டானா என்று அவளுக்கே தெரியவில்லை. நெருப்பு பள்ளிக்கூடத்தில் விழுந்தால் ஹனான் போவாள், அவள் பிள்ளைகள் போகும். அதற்குப் பிறகு லோதார் உயிரோடு இருந்தாலும் தன் வீட்டில் இருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை பட்டறையிலிருந்தே மாதா கோவில் பாதிரியம்மாவுக்குப் போன் செய்தாள். அந்தம்மா அதிகம் கேட்கவில்லை. சனிக்கிழமை எல்லோரையும் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா கூட்டிப் போய் இரவு கோவில் கூடத்திலேயே தங்கவைப்பதாகவும், போலீசுக்கும் சொல்லிவைப்பதாகவும் சொன்னாள். கரோலாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் முழு மூச்சு வரவில்லை. இந்தச் சனிக்கிழமையைத் தாண்டலாம், அடுத்த சனிக்கிழமையும் வேன் வாசலில்தானே நிற்கும்.

புதன்கிழமை மத்தியானம் ஃபால்க்கோ வந்தான். தனியாக வந்தான், தோளில் பெரிய நீலப் பையோடு. பையைக் கூடத்தில் தொப்பென்று போட்டான். உள்ளே பதாகை இருந்தது.

“போன மேட்சுல வேலிக் கம்பியில மாட்டி மூலை கிழிஞ்சிருச்சு. தைச்சிரு கரோலா. அப்படியே அந்தச் சுத்தியலைப் பிரிச்சு எடுத்துட்டு இதை வை.”

அவன் நீட்டியது கறுப்புத் துணியில் வெட்டிய வட்டம். உள்ளே கோணல் கோணலாகப் பன்னிரண்டு ஆரம் வைத்த சக்கரம். அது லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்று குவித்த பழைய கும்பலின் சின்னம் என்று அந்த நாட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

“பழைய ஆளுங்க ஒத்துக்கிட்டாங்களா?” என்றாள் கரோலா.

“சனிக்கிழமை பார்த்துக்கட்டும். தொங்கவிட்டப்புறம் எவன் என்ன பண்ணுவான்? உன் வீட்டுக்காரன்கிட்டயும் மூச்சு விடாதே. நான் இங்க கொண்டு வந்தது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு எடுத்துக்கறேன்.”

அவன் போனதும் கரோலா பதாகையை விரித்தாள். கூடத்திலிருந்து சமையலறை தாண்டி வராந்தா வரைக்கும் போயிற்று. சுத்தியல்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. கத்தரியை எடுத்து மொத்தத்தையும் கிழித்துவிடலாமா என்று பார்த்தாள். கிழித்தால் இன்னொன்று தைப்பார்கள். அப்புறம்தான் உறைத்தது. சட்டப்படி இரண்டு ஆள் இல்லாமல் நகரக் கூடாத பதாகையை ஃபால்க்கோ ஒருத்தனாகத் தூக்கி வந்திருக்கிறான். வெள்ளிக்கிழமையும் ஒருத்தனாகத்தான் வருவான். காணாமல் போனால் பழி முழுக்க அவன் தலையில்தான்.

வியாழக்கிழமை பட்டறைக்குப் பல்வலி என்று சொல்லிவிட்டு வைடெனாவுக்கு ரயில் ஏறினாள்.

வைடெனாவ்காரர்களின் கூட்டத்துக்கு ‘ஆந்தைகள்’ என்று பெயர். அவர்களுடைய தலைவன் ஹோல்கர், ஸ்டேஷனுக்கு எதிரே சாராயக்கடை வைத்திருந்தான். நல்ல பருமன். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான்.

“இன்னும் கடை திறக்கலைம்மா.”

“குடிக்க வரலை. ஹோல்டன்பாக்கிலேருந்து வர்றேன். சுத்தியல் கூட்டத்தோட பேனர் எங்க வீட்ல இருக்கு. உங்களுக்கு வேணுமா?”

ஹோல்கர் நிமிர்ந்து பார்த்தான். “யாரு அனுப்பினா உங்களை?”

கரோலா போனைத் திறந்து படத்தைக் காட்டினாள். கூடத்தில் விரித்துக் கிடந்த பதாகை, அதன்மேல் அவளுடைய வீட்டுச் செருப்பு. ஹோல்கரின் கையிலிருந்து கத்தி நழுவிக் கிழங்குத் தண்ணீரில் விழுந்தது.

“இருபத்தஞ்சு வருஷமா இதைத் தொட முடியாம அலையறோம். இதுமேல செருப்பை வெச்சிருக்கீங்க!”

“கீழே போடாம வேற எங்க போடுறது? நாளைக்குப் பையில வெச்சுக் கொண்டாந்து தர்றேன்.”

“அம்மா தாயே! அதெல்லாம் நடக்காது. குடுத்தா வாங்கக் கூடாது, எடுத்தாத்தான் செல்லும். ஒரு பொம்பளை பொட்டலம் கட்டிக் குடுத்தான்னு தெரிஞ்சா நாடு பூரா எங்களைக் காறித் துப்புவான்.”

“ஏன்யா, திருடினா கௌரவம், குடுத்தா அவமானமா?”

“ஆமா.”

“எந்த ஊரு நியாயம் இது?”

“எல்லா ஊரு கேலரியிலயும் இதான் நியாயம். நானா உண்டாக்கினேன்?”

கரோலா ஒரு கிழங்கை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள். கை சும்மா இருந்தால் அவளுக்கு யோசனை ஓடாது. மூன்று கிழங்கு சீவி முடித்ததும் வழி தெரிந்தது.

“நாளைக்கு அஞ்சு மணிக்கு ஃபால்க்கோ வந்து எடுத்துட்டுப் போவான். தனியா. வெள்ளிக்கிழமைன்னா ஜிம்முக்கு முன்னாடி பாலத்துக்கிட்ட வண்டியை நிறுத்தி, அங்க இருக்கிற கடையில சாசேஜ் திம்பான். காரைப் பூட்டவே மாட்டான். ‘என் காரை இந்த ஊர்ல எவன் தொடுவான்’னு ஒரு திமிரு. அந்தப் பத்து நிமிஷம் பை பின்சீட்டுல இருக்கும். அது செல்லுமா?”

ஹோல்கர் முகம் மலர்ந்தது. “காவல் இல்லாம விட்டது அவன் தப்பு. தாராளமாச் செல்லும்.”

“யாரையும் அடிக்கக் கூடாது. ஒரு அடி விழக் கூடாது.”

“சாசேஜ் திங்கறவனை எதுக்கு அடிக்கணும்? சரி, நீங்க ஏன் இதைப் பண்றீங்க?”

கரோலா பள்ளிக்கூடத்தைச் சொன்னாள். வேனையும் சொன்னாள். ஹோல்கர் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“எங்களை நல்லவங்கன்னு நினைச்சுக்காதீங்க. நானும் நாலு பேர் மூக்கை உடைச்சவன்தான். ஆனா புள்ளைங்க தூங்குற வீட்டுல...” என்றவன் முடிக்கவில்லை. “உங்க வீட்டுக்காரர் அந்த டிரம் அடிக்கிறவர்தானே? அவராலதான் என் இடது காது போச்சு. நல்லா அடிக்கிறார்னு சொல்லுங்க. வேணாம், சொல்லாதீங்க.”

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது வேன் முற்றத்தில் நின்றது. லோதார் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். “ரொப்பியாச்சு,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். ரயிலில் வந்த நம்பிக்கையில் பாதி அங்கேயே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து அவள் கிழிந்த மூலையைத் தைத்தாள். எப்படியும் எதிரிக்குப் போகப்போகிற துணிதானே, தைக்காமல் விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. உள்ளே ஒட்டுத்துணி வைத்து, இரட்டைத் தையல் போட்டு, நூல் முனையை முடிச்சிட்டு நறுக்கினாள். சுத்தியல் பக்கமே போகவில்லை. ஃபால்க்கோவின் சக்கரத்தை அடுப்பில் போட்டாள். பிறகு பன்னிரண்டு மீட்டரையும் ஒற்றை ஆளாக முழங்கால் போட்டு இறுக்கிச் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டினாள்.

ஐந்து மணிக்கு ஃபால்க்கோ வந்தான். “பிரி, பார்க்கணும்.”

கரோலா கயிற்று முடிச்சில் கை வைத்தாள். “பிரிக்கலாம். திரும்பச் சுருட்ட ரெண்டு ஆள் வேணும். லோதார் மேல இருக்கான், கூப்பிடட்டுமா?”

ஃபால்க்கோ மாடிப்படியைப் பார்த்தான். “வேணாம், விடு.” பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவனுக்குப் பசி.

அன்று ஃபால்க்கோ சாசேஜுக்குக் கூடுதலாக ஒரு ரொட்டி வாங்கினான் என்று கடைக்காரி பிறகு ஊரெல்லாம் சொன்னாள். அந்த ஒரு ரொட்டி தின்கிற நேரத்தில் பை போய்விட்டது. ஆட்டத்துக்கு முந்தின நாள் எதிரி ஊர்ப் பையன்கள் நோட்டம் பார்க்க வருவது வழக்கம்தான். அதனால் அவனுக்குக் கரோலாமேல் சந்தேகமே வரவில்லை. யாரிடமும் வாயைத் திறக்கவும் முடியவில்லை. தனியாக எதற்குத் தூக்கிக்கொண்டு போனாய் என்று கேட்டால் என்ன சொல்வான்? கிழிசல் சரியாகவில்லை, நாளைக்குப் பேனர் இல்லாமல் நிற்போம் என்று மற்றவர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டு இருந்துவிட்டான்.

சனிக்கிழமை கரோலா பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். மைதானத்துச் சத்தம் அங்கே வரைக்கும் நன்றாகக் கேட்கும். லோதாரின் டிரம்மை ஆயிரம் பேர் கூச்சலிலும் அவள் பிரித்து எடுத்துவிடுவாள். டம், டம், டடம். கீழே முற்றத்தில் வேன் நின்றது. ஹோல்கர் ஏமாற்றிவிட்டானோ, பையை எடுக்க முடியவில்லையோ, ஒன்றும் தெரியவில்லை. ஆட்டத்தின் இடைவேளை முடிந்தது. திடீரென்று எதிர்ப்பக்கத்திலிருந்து பெரிய சிரிப்பு எழுந்தது. கோல் போட்டால் வருகிற சத்தம் வேறு. இது இரண்டாயிரம் பேர் ஒன்றாக வயிறு குலுங்கச் சிரிக்கிற சத்தம்.

டிரம் நின்றது. திரும்ப அடிக்கவில்லை.

கரோலா எழுந்து உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனாள். பதாகை தொங்கிவிட்டது, சரி. அவமானம் தாங்காமல் வெறி ஏறி இப்போதே வேனை எடுக்க வந்தால்? ஆறு மணி வரைக்கும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோதார் வந்தான். தனியாக, டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு, நடந்து வந்தான்.

அவள் காபி ஊற்றினாள். அவன் உட்கார்ந்தான்.

“முடிஞ்சுது கரோ. கூட்டத்தைக் கலைச்சாச்சு. பார்க்கிங்ல வெச்சே கலைச்சாச்சு.”

“ஃபால்க்கோ?”

“கலைக்கக் கூடாதுன்னு கத்தினான். சாசேஜ் கடை வாசல்ல அவன் கார்லேருந்து எடுத்ததா ஆந்தைங்க பாட்டாவே பாடிட்டானுங்க, அவன் ஆளுங்களே கேட்கலை. ‘சாசேஜ் திங்கப் போய் பேனரைத் தொலைச்சவன் பின்னாடி யாருடா வருவான்’னு ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அந்தச் சிரிப்போட அவன் கதை முடிஞ்சுபோச்சு. வேன் பேச்சை எவனும் எடுக்கலை. ஆளாளுக்கு வீட்டுக்குப் போயிட்டாங்க.”

கரோலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. ஊரில் இருந்த விஷம் ஒரே நாளில் வடிந்துவிடவில்லை. ஃபால்க்கோவின் ஆட்களில் சிலர் இன்றைக்கும் அதே சட்டையோடு திரிகிறார்கள். ஆனால் அன்றைக்கு ஆற்றங்கரையிலிருந்து ஹனானின் பிள்ளைகள் முழுசாகத் திரும்பி வந்தன. லோதார் காபி குடித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அது போதும்.

“கரோ,” என்றான் லோதார் மெதுவாக. “எல்லாரும் பேனர் தலைகீழாத் தொங்குறதைப் பார்த்தாங்க. நான் மூலையைப் பார்த்தேன். போன வாரம் ஒரு முழம் கிழிஞ்சு தொங்கிக்கிட்டு இருந்துது. இன்னிக்கு மடங்காம நிக்குது. அந்தத் துணியில அப்படி ஊசி போட இந்த ஊர்ல ஒரு கைதான் இருக்கு.”

கரோலா கோப்பையைப் பார்த்தாள். “கிழிஞ்சதை அப்படியே எப்படி அனுப்புறது?”

“ஃபால்க்கோவுக்குத் தெரிஞ்சிருந்தா உன்னைக் கொன்னுருப்பான்டி.”

“நீ ஓட்டியிருப்பியா?” என்று கேட்டுவிட்டாள். ஆறு நாளாக நெஞ்சில் கிடந்த கேள்வி. “பேனர் போகலைன்னா, அவனுங்க வந்து நின்னிருந்தா, வண்டியை எடுத்திருப்பியா? டேங்க் ரொப்பினியே!”

லோதார் சட்டைப் பையில் கையை விட்டான். நகத்தளவு மஞ்சள் ஃபியூஸ் ஒன்றை எடுத்து அவள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“காலையிலயே கழட்டிட்டேன். இன்ஜினுக்கு பெட்ரோல் ஏத்துற பம்போட ஃபியூஸ். அது இல்லாம வண்டி இருமும், கிளம்பாது.”

“கண்டுபிடிச்சிருந்தா அடிச்சிருப்பாங்களே!”

“அடிக்கட்டும்னுதான் கழட்டினேன்,” என்றான் லோதார்.